ஒரு வாயை மட்டும் கழற்றி வச்சிருக்கேன்

அந்தக் கயிறு மட்டும் ஏன் சும்மா தொங்குதுன்னுதானே கேட்டீங்க? நான்தான்க்கா கழற்றினேன். களவு போகலை, கீழே விழுந்து உடையவும் இல்லை. அந்தக் கடைசி ரூமில் சாக்கைச் சுற்றி வச்சிருக்கேன். மேடத்துகிட்ட சொல்லணும்னா தாராளமா சொல்லுங்க. நாளைக்குக் காலையில் அவங்க சென்னையிலிருந்து வந்ததும் நானே சொல்லத்தான் போறேன். எனக்கு ஒளிச்சு மறைச்சுப் பேச வராது.

உட்காருங்க. அந்த மரப்பெட்டி மேலயே உட்காரலாம். அது கலை இல்லை, வெறும் பெட்டிதான். நிறையப் பேர் அதையும் குனிஞ்சு நிமிர்ந்து போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. நான் ஒண்ணும் சொல்றதில்லை.

முதலில் மேடம் சொல்லச் சொன்னதைச் சொல்லிடுறேன். 'இது ஒரு காலத்தில் தீப்பெட்டி ஆபீஸ்.' எங்க பக்கம் ஃபேக்டரின்னு யாரும் சொல்ல மாட்டோம், ஆபீஸ்தான். 'இங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து குச்சி அடுக்கினார்கள். இன்று அதே இடத்தில் வேறு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். இவர்கள் சூனியக்காரிகள் என்று சொல்லப்பட்டவர்கள். மந்திரம் சொல்ல முடியாதபடி இவர்களுடைய முன்பற்கள் பிடுங்கப்பட்டன. ஒவ்வொரு வாயும் அந்தந்தப் பெண்ணின் உயரத்தில் தொங்குகிறது. இவர்கள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை.' அவ்வளவுதான். நல்லாச் சொல்றேனா? மனப்பாடச் செய்யுளில் எப்பவும் எனக்குத்தான் முழு மார்க்.

எல்லாம் மண்ணில் செஞ்சு சூளையில் சுட்டது. உள்ளே வெறும் கூடு. ஆடிக்காற்று ஜன்னல் வழியா வந்தா, பல் இல்லாத சந்தில் நுழைஞ்சு ஊதும். கேட்குதா? இப்ப லேசாத்தான் கேட்குது. மத்தியானம் வந்திருந்தீங்கன்னா காதைப் பொத்தியிருப்பீங்க. வந்த புதுசில் எனக்குத் தூக்கத்தில் கூடக் கேட்டுச்சு, அப்புறம் பழகிருச்சு. போன வாரம் பள்ளிக்கூடத்துப் பையன்களைக் கூட்டிட்டு வந்தாங்க. ஒருத்தன், "அக்கா, இது பல் டாக்டர் கடையா?"ன்னு கேட்டான். "ஆமாடா, வாயைத் திற, உனக்கும் பிடுங்குவோம்"னேன். கூட வந்த சாருக்கு மூஞ்சியே செத்துப்போச்சு.

மேடம் பேரு மிருதுளா. நல்லவங்கதான், கொஞ்சம் அழுகை ஜாஸ்தி. முதல் நாள் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, "முனீஸ்வரி, நீ இங்கே காவலுக்கு இல்லை, நீதான் இவங்களோட குரல்"னாங்க. நான், "சரி மேடம், டீ எத்தனை மணிக்கு வரும்?"னு கேட்டேன். அதுக்கும் கண் கலங்குனாங்க.

நான் ஒண்ணும் சும்மா கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கலை. இந்த வாய்களோட கதையெல்லாம் மேடம் எனக்குச் சொல்லியிருக்காங்க. அந்தா உயரமாத் தொங்குது பாருங்க, அது வடக்கே ஏதோ மலைக்காட்டில் இருந்த பொம்பளை. புருஷன் செத்ததும் கொழுந்தனுக்கு அவ நிலத்து மேல ஆசை. ஊரில் ரெண்டு மாடு செத்துச்சு, இவதான் சூனியம் வச்சான்னு கிளப்பிட்டான். பச்சையாத் தெரியுது இல்லையா? நிலத்துக்காகத்தான். அந்த ஊர்க்காரங்களுக்கு எப்படி இது கூடத் தெரியாமப் போச்சுன்னு எனக்குப் புரியவே இல்லை. அதுக்குப் பக்கத்தில் இருக்கிறது ஒரு மருத்துவச்சி. பிரசவத்தில் பிள்ளை செத்துப்போனா அவ என்ன செய்வா? அவளைக் கட்டி வச்சு... விடுங்க. அதைச் சொல்ல எனக்குப் பிடிக்காது. ராத்திரி சோறு இறங்காது. இவங்கெல்லாம் பாவம்க்கா. சத்தியமாச் சொல்றேன், இவங்க ஒருத்தர் மேலயும் தப்பு இல்லை.

நான் கழற்றினது எங்க ஊர்க்காரி வாயை. அவ மட்டும் நிசமாவே சூனியம் வச்சவ.

மேடத்துக்கு முதலில் தெரியாது, நான் அதே ஊருன்னு. வேலைக்குச் சேர்ந்தப்ப ஊர் என்னன்னு கேட்கவே இல்லை, பஸ் வசதி இருக்கான்னுதான் கேட்டாங்க. என் கையெழுத்து நல்லா இருக்கும்னு, கீழே இருக்கிற பலகையிலெல்லாம் பேர் எழுதச் சொன்னாங்க. எழுதிக்கிட்டே வர்றேன். 'குருவம்மாள், நடுச்செவல்.' கை அப்படியே நின்னுபோச்சு.

"மேடம், இவ எதுக்கு இதுல?"

"ஏன் முனீஸ்? இவங்களுக்கும் அதே கொடுமைதானே நடந்துச்சு."

"நடந்துச்சு. ஆனா இவ நிசமாவே செஞ்சா மேடம். எங்க தம்பியைக் கொன்னது இவதான்."

மேடம் பேனாவை மூடிட்டு என்னையே பார்த்தாங்க. "முனீஸ், நாம இதைப் பத்தி உட்கார்ந்து பேசணும்"னாங்க. இன்னும் உட்காரவே இல்லை. மறுநாளே ஏதோ மீட்டிங்னு சென்னைக்குக் கிளம்பிட்டாங்க. சரி, பேசுறப்ப பேசட்டும், அதுவரைக்கும் நம்ம தம்பி தினேஷைத் தின்னவளை நானே தினமும் தூசி தட்டி வைக்கணுமான்னு கழற்றிட்டேன். ஸ்டூல் கூடத் தேவைப்படலை. சரியா என் வாய்க்கு நேராத்தான் தொங்குச்சு.

தினேஷ் என் தம்பி. நான் எட்டாவது படிக்கிறப்ப அவன் ரெண்டாவது. குருவம்மா வீடு எங்க தெருவின் கடைசியில். புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ரெண்டு பிறந்து ரெண்டும் காய்ச்சலில் போயிருச்சாம். வாய் சும்மாவே இருக்காது அவளுக்கு. யார் வீட்டுச் சுவரில் விரிசல் இருந்தாலும், "அடுத்த மழைக்கு இது விழுந்துரும், தூங்குற இடத்தை மாத்துங்க"ம்பா. மழை வரும், சுவர் விழும். யாரு குடிச்சுட்டு வந்தாலும், "உன் ஈரல் வெந்துக்கிட்டு இருக்கு"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவா. அவனும் செத்துருவான். அப்படி ஒரு கருநாக்கு. அவ எதிரே வந்தா எங்க அம்மா என்னைச் சேலைக்குள்ளே இழுத்துக்கும்.

தினேஷுக்குக் காய்ச்சல் வந்து சோறு இறங்காமக் கிடந்தான். கோயில் கயிறு கட்டியிருந்தோம், பச்சிலை அரைச்சுக் கொடுத்திருந்தோம். அவ சும்மா போறவ வாசலில் நின்னு எட்டிப் பார்த்தா. உள்ளே வந்து அவன் கண்ணை விரலால் விலக்கிப் பார்த்தா. "இது மஞ்சக்காமாலை. எம்பிள்ளைக ரெண்டும் இப்படித்தான் கிடந்துச்சு. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்குங்க. இல்லைன்னா இவன் தங்க மாட்டான்"னா.

தங்க மாட்டான். எங்க வீட்டு வாசப்படிக்குள்ள நின்னு, பெத்தவ முன்னாடி. எங்க அம்மா அப்படியே சுவரோட சரிஞ்சிருச்சு. அன்னைக்கு ராத்திரியே தினேஷுக்குக் கண்ணு ரெண்டும் மஞ்சளாயிருச்சு. சொல்லுங்க, அவ வந்துட்டுப் போன பிறகுதானே ஆச்சு?

மறுநாள் எங்க மாமா போய்க் கோடாங்கியைக் கூட்டிட்டு வந்தாரு. உங்களுக்குக் கோடாங்கி தெரியுமா? உடுக்கை அடிச்சுக் குறி சொல்றவரு. இன்னார்தான் வச்சான்னு பேர் சொல்ல மாட்டாரு, அடையாளம்தான் சொல்லுவாரு. பேரை ஊர்தான் சொல்லணும். பொழுது சாயிற நேரம், எங்க வாசலில் ஊரே நிக்குது. அவரு உடுக்கையை அடிச்சு ஆடிக்கிட்டே, "ஆம்பளை இல்லாத வீடு. வாசலில் முருங்கை. பெத்ததைத் தின்னவ. அவ நாக்குத்தான் இந்தப் பிள்ளை மேல ஏறி உட்கார்ந்திருக்கு. யாரு? யாரு?"ன்னு கேட்டாரு.

எல்லாரும் ஆளை ஆளு பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. எல்லாருக்கும் தெரியும், ஒருத்தருக்கும் வாய் வரலை. எனக்கு அப்பவே பொறுமை கிடையாது. நான்தான் சொன்னேன். "குருவம்மா வீடு!"ன்னு கத்திச் சொன்னேன். எட்டாவது படிக்கிற பிள்ளை! கோடாங்கி என் தலையில் திருநீறு அள்ளிப் போட்டு, "சத்தியவாக்கு"ன்னாரு. ஊரில் அப்புறம் ரொம்ப நாளைக்கு எனக்குத் தனி மரியாதைதான்.

மாமா அப்ப இந்த ஆபீஸில்தான் ஃபிட்டர் வேலை பார்த்தாரு. பெட்டியில் ஆணி பிடுங்குற குறடு அவரு பையிலேயே கிடக்கும். முன்பல் போச்சுன்னா மந்திரம் சரியா உச்சரிக்க வராது, வச்ச சூனியமும் இறங்கிரும்னு கோடாங்கி சொன்னாரு. அவளை ஊர் கூடுற மந்தைக்கு இழுத்துட்டு வந்தாங்க. ரெண்டு பேரு தலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. மேலே ரெண்டு, கீழே ரெண்டு. நான் பக்கத்தில்தான் நின்னேன், கண்ணை மூடலை. ஒரு பல் பாதியில் முறிஞ்சிருச்சு, மாமா குறடை வேட்டியில் துடைச்சுட்டு மறுபடியும் பிடிச்சாரு. அதுக்கப்புறம் அவ கத்துறதை நிறுத்திட்டு என்னையே பார்த்தா. "பிள்ளையைத் தூக்கிட்டுப் போங்கடா"ன்னு என்னமோ குழறினா. பல் போயும் விடலை பாருங்க.

தினேஷ் அதுக்கு மூணாம் நாள் போயிட்டான். கடைசியில் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினோம். அங்கே ஒரு டாக்டரம்மா, "ஏம்மா இவ்வளவு லேட்டு? நாலு நாள் முன்னாடி கொண்டு வந்திருக்கக் கூடாதா?"ன்னு எங்க அம்மாவை ஏசினாங்க. டாக்டர்னா எல்லாருக்கும் இதைத்தான் சொல்லுவாங்க. கோடாங்கிகிட்டக் கேட்டதுக்கு, பல்லைப் பிடுங்குறதுக்கு முன்னாடியே அவ வேலையை முடிச்சுட்டான்னாரு. போலீஸ் வந்துச்சு, பிறகு ராசியாப் போயிருச்சு. குருவம்மா ஊரை விட்டே போயிட்டா. வீடு சும்மாதானே கிடக்குன்னு மாமா அதுல ஆடு கட்டுறாரு. முருங்கை நல்லாக் காய்க்குது.

என்னக்கா அப்படிப் பார்க்கிறீங்க? தண்ணி வேணுமா?

நான் ஏன் படிப்பை விட்டேன்னு நீங்க முதல்ல கேட்டீங்க இல்லையா? படிப்பு ஏறலைன்னு ஊரில் சொல்லி வச்சிருக்கோம். நல்லாவே ஏறுச்சு. பதினொண்ணாவதில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவ பேரு காவியா. அவங்க அப்பா தண்ணியைப் போட்டுட்டு மூணு பிள்ளைகளையும் பைக்கில் ஏத்திக்கிட்டுப் பறப்பாரு. நான் அவகிட்ட, "உங்கப்பாகிட்டச் சொல்லி வைடி, இப்படி ஓட்டினா லாரிக்கு அடியிலதான் போவாரு"ன்னேன். யாரா இருந்தாலும் சொல்லியிருப்பாங்க. அடுத்த வாரம் அப்படியே போயிட்டாரு. காவியா மறுபடி பள்ளிக்கூடம் வந்ததும் என் பக்கத்தில் உட்கார மாட்டேன்னு அழுதா. அவளைப் பார்த்து இன்னொருத்தி. கடைசியில் டீச்சரே, "முனீஸ்வரி, நீ கொஞ்ச நாள் பின்னாடி தனியா உட்காரும்மா"ன்னாங்க. பரீட்சை அன்னைக்கு நான் எதிரே வந்தா பிள்ளைகள் எச்சில் துப்பிட்டுப் போகும். லூசுங்க. எனக்கும் அதுங்ககூட உட்காரப் பிடிக்கலை, பள்ளிக்கூடத்தை விட்டே நின்னுட்டேன்.

சொன்னா சொன்னதுதான் என் குணம். பொய் சொல்லிப் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்க எனக்கு வராது. அதனாலதான் இப்ப ஊரில் ஒரு தலைவலி.

எங்க எதிர்வீட்டில் பேச்சியக்கா இருக்கு. ஆறு மாசக் கைக்குழந்தை. போன வாரத்துக்கு முந்தின வாரம் நான் தூக்கிக் கொஞ்சிக்கிட்டு இருக்கேன், பிள்ளை கண்ணு லேசா மஞ்சளாத் தெரிஞ்சுச்சு. தினேஷ் கண்ணைப் பார்த்தவ இல்லையா நான்? "யக்கா, இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. விட்டேன்னா எங்க தம்பி மாதிரிப் போயிரும்"னேன். பேச்சியக்கா வெடுக்குனு பிள்ளையைப் பிடுங்கிக்கிட்டு உள்ளே போயிக் கதவைச் சாத்திருச்சு. நன்றி கெட்ட உலகம்.

இல்லைக்கா. அது வேற, இது வேற. அவ சொன்னது வயிற்றெரிச்சலில். தன் பிள்ளை போச்சு, அடுத்தவ பிள்ளை இருக்கேன்னு. நான் சொன்னது அக்கறையில். ரெண்டும் ஒண்ணா? வார்த்தை ஒண்ணா இருந்தா எல்லாம் ஒண்ணாயிருமா?

பிள்ளை இப்பப் படுத்தே கிடக்கு. பால் குடிக்கலையாம். அதுங்க என்ன செஞ்சிருக்கணும்? ஆட்டோ பிடிச்சா தீர்ந்துச்சு. கோடாங்கியைக் கூட்டிட்டு வந்திருக்குதுங்க. போன வெள்ளிக்கிழமை அடையாளம் சொல்லிட்டுப் போயிருக்காரு. நான் அப்ப இங்கே வேலையில் இருந்தேன். அம்மாதான் கேட்டுட்டு வந்துச்சு. 'ஆம்பளை தங்காத வீடு. வாசலில் வேம்பு. தம்பியைத் தின்னு பசியாறாத வாய்.' பேர் சொல்றதுக்கு ஊருக்கு ஒரு வாரம் தவணை. இன்னைக்குச் சாயங்காலம் திரும்ப வர்றாரு.

போன தடவை எனக்குக் கேட்டதும் பிடிபட்டுச்சு. இந்தத் தடவை எவ்வளவு யோசிச்சாலும் ஆள் பிடிபட மாட்டேங்குது. எங்க வாசலிலும்தான் வேம்பு நிக்குது, எங்கப்பாவும்தான் திருப்பூரிலேயே கிடக்காரு. ஆனா எங்க வீட்டில் இருக்கிறது அம்மாவும் நானும். அம்மா வாயில்லாப்பூச்சி. வேம்பு எந்தத் தெருவில்தான் இல்லை? வேற யாரோ. எங்க தெருவிலேயே ஒருத்தி இருந்துக்கிட்டு இவ்வளவு நாள் தெரியாம இருந்திருக்கேன் பாருங்க. நினைச்சாலே உடம்பு கூசுது. அதுதான் இந்த ஒரு வாரமா பேச்சியக்கா கதவைத் திறக்கிறதே இல்லை. தெருக்குழாய்க்கு நான் குடத்தோட போனா எல்லாரும் குடத்தை எடுத்துட்டு நகர்ந்துக்கிறாங்க. பயம். ஊர் முழுக்க ஒரே பயம்.

இன்னைக்கு மத்தியானம் அவ இங்கே வந்தா. குருவம்மா.

இப்ப பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விக்கிறா. தலையில் கூடையோட வந்து அந்த வாசலில் நின்னா. காற்று பேய் மாதிரி அடிக்குது, வாயெல்லாம் ஒண்ணா ஊதுது. "முனீசு"ன்னா. பல் இல்லாததால் பேரு பாதி காற்றாப் போச்சு.

"உன்னை யாரு இங்கே வரச் சொன்னா?"

"நான் இதையெல்லாம் பார்க்க வரலை தாயி. நம்மூர்ப் பொம்பளைக பஸ்ஸுக்கு நின்னு பேசிக்கிட்டு இருந்தாளுக. கேட்டுட்டு ஓடியாறேன். இன்னைக்கு நீ ஊருக்குப் போகாத."

"ஏன், நீ போக முடியலைன்னு நானும் போகக் கூடாதா?"

"கோடாங்கி சொன்ன வீடு உன் வீடுடி. உன் வாயைத்தான் சொல்றாளுக. 'அன்னைக்குக் குருவம்மாளுக்குப் பிடுங்கினேல்ல, சொந்தக்காரின்னா விட்டுருவியா?'ன்னு உங்க மாமனைக் கேட்டிருக்காங்க. அவன் குறடு எடுத்துட்டு வர்றேன்னு ஒத்துக்கிட்டானாம்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "எங்க மாமாவா? எனக்கு போன் வாங்கிக் கொடுத்த மாமாவா?"

"எனக்கும் அவன் தம்பி முறைதாண்டி. என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டவன்."

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! "எங்க தம்பியை முழுங்கினது பத்தலையா உனக்கு? இப்ப என்னையும் மாமாவையும் பிரிக்கப் பார்க்கிறியா? வெளியே போ!"ன்னு கத்தினேன். அவ போகலை. அந்தச் சும்மா தொங்குற கயிற்றைப் பார்த்தா. கீழே பலகையில் நான் எழுதின பேரைப் பார்த்தா. படிக்கத் தெரியாது, ஆனாலும் புரிஞ்சுக்கிட்டா.

"இது என்னதா?"

"ஆமா. கழற்றிட்டேன். நீ இவங்களோட சேர்த்தி இல்லை."

திட்டுவான்னு பார்த்தேன். "கழற்றினா கழற்றிட்டுப் போ. எனக்கு அது வேண்டாம். இன்னைக்கு ஒரு ராத்திரி என்கூட வந்து படுத்துக்கோ, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிதான் ரூமு. போனேன்னா நீ முழுசாத் திரும்ப மாட்ட முனீசு"ன்னா.

கேட்டீங்களா? அன்னைக்கு 'தங்க மாட்டான்.' இன்னைக்கு 'முழுசாத் திரும்ப மாட்ட.' பல்லுதான் போச்சு, நாக்கு அப்படியே இருக்கு. இதுக்குத்தான் சொன்னேன், இவளைக் கொண்டுபோய் அந்தப் பாவப்பட்ட பொம்பளைகளோட சேர்க்காதீங்கன்னு.

அந்தா, அந்த வெள்ளரிப்பிஞ்சு அவ வச்சுட்டுப் போனதுதான். நான் தின்பேனா? எதையாவது தடவி வச்சிருப்பா. நீங்களும் தொடாதீங்க.

அப்புறம் நாலு மணி வாக்கில் அம்மா போன் பண்ணுச்சு. "ஏட்டி, நீ இன்னைக்கு இங்கே வராத. நேராச் சாத்தூருக்குச் சித்தி வீட்டுக்குப் போயிரு."

"ஏன்?"

"சொன்னாக் கேளேண்டி, எம்மா... கேளேன்."

ஒரே அழுகை. கோடாங்கி வர்றாருன்னா அம்மாவுக்குத் தினேஷ் ஞாபகம் வந்துரும், அதுதான். பேசிக்கிட்டு இருக்கும்போதே போனை மாமா வாங்கிட்டாரு. "நீ எங்கேயும் போக வேண்டாம். அங்கேயே இரு. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்"னு வச்சுட்டாரு. பாவம், பொழுது போனா பஸ் கூட்டமா இருக்கும்னு நினைச்சிருப்பாரு.

நான் போகத்தான் வேணும்க்கா. ஊரே கூடி நிக்கும், கோடாங்கி யாரு யாருன்னு கேட்பாரு. அவரு கண்டுபிடிக்கட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஆனா அதுவரைக்கும் பிள்ளை தாங்கணுமே? எல்லாரும் வாயை மூடிக்கிட்டு நிப்பாங்க. நான் நேரா முன்னாடி போய் நின்னு, "முதலில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க, இல்லைன்னா தங்காது"ன்னு சத்தமாச் சொல்லப் போறேன். நான் சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவா? கோடாங்கிக்கு என்னைத் தெரியும். 'சத்தியவாக்கு'ன்னு சொன்ன மனுஷன். நான் சொன்னா நம்புவாரு.

என்னக்கா, நீங்களும் போகாதேங்கிறீங்க? காரா? உங்க கார் எனக்கு எதுக்கு? கோயில்பட்டியில் உங்க லாட்ஜில் வந்து நான் என்ன செய்யப் போறேன்? பேச்சியக்கா பிள்ளையைத் தூக்கிட்டுப் போக கார் தர்றீங்களா, சொல்லுங்க, இப்பவே ஊருக்கு வழி காட்டுறேன். என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு எதுக்கு? படிச்சவங்க, சென்னையிலிருந்து வந்திருக்கீங்க. குருவம்மா பேசின அதே பேச்சை நீங்களும் பேசுறீங்க. கையை விடுங்கக்கா. வலிக்குது.

வண்டிச் சத்தம் கேட்குதா? மாமாதான். அந்த சைலன்சர் சத்தம் எனக்கு எங்கே கேட்டாலும் தெரியும். ஒரு நாளும் என்னைக் கூப்பிட வராத மனுஷன், சொன்ன மாதிரியே வந்துட்டாரு பாருங்க. ஹேண்டில்பாரில் அந்தப் பை தொங்குது. ரிப்பேர் வேலைக்குப் போயிட்டு வர்றாரு போல. வெள்ளிக்கிழமை அவரு வேலைக்கே போக மாட்டாரு... ஏதாவது அவசர வேலையா இருக்கும். இறங்கி உள்ளே வரலாம் இல்லையா? ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாம, இந்தப் பக்கமே பார்க்காம நிக்கிறாரு. அவருக்கு இந்த வாய்களைப் பார்க்கப் பிடிக்காது. திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டதுக்கே வரலை.

இந்தா வர்றேன் மாமா!

இது வாசல் சாவி. இந்தச் சின்னது அந்தக் கடைசி ரூம் சாவி. வாட்ச்மேன் வந்தா கொடுத்துருங்க. உங்களுக்கு மனசு கேட்கலைன்னா அவ வாயை எடுத்து மாட்டிட்டுப் போங்க. இல்லை, வேண்டாம். கயிறு சும்மாவே கிடக்கட்டும். காலையில் மேடம் வந்ததும் நானே சொல்லிக்கிறேன். நான் வாயைத் திறந்து சொன்னாத்தான் அவங்களுக்குப் புரியும்.

எதுக்கு இப்படி ஹாரன் அடிக்கிறாரு? வர்றேன்னு சொல்லிட்டேன் இல்லையா?

ஒண்ணு மட்டும்க்கா. கிளம்பும்போது அந்த மேற்கு ஜன்னலைச் சாத்திட்டுப் போங்க, மறந்துராதீங்க. இருட்டினதும் காற்று திரும்பும். எல்லா வாயும் ஒண்ணா ஊத ஆரம்பிச்சிரும். ரோட்டில் போறவங்களுக்கு யாரோ ஒரு பொம்பளை கத்துற மாதிரியே இருக்கும்.